கேட்காமல் விற்ற வள்ளம்: உரிமம் பெற்ற ஒரு விளையாட்டு பாதியில் நின்ற நிகழ்வு ஆய்வு

எங்கள் விளையாட்டுக்காக ஓவியர் ஒருவர் வரைந்த காட்சி, அவரைக் கேட்காமலேயே என்.எஃப்.டி.யாக (எண்ணிட்ட டிஜிட்டல் உரிமைச் சீட்டு, பின்னால் விளக்குகிறேன்) விற்பனைக்குப் போனது. இந்த விவகாரம் நடந்த ஸ்டுடியோவில் தயாரிப்பு ஒருங்கிணைப்பு பார்த்தவன் நான். யார் பெயரையும் எழுதவில்லை. பிரிந்தபோது போட்ட ஒப்பந்தத்தில் அப்படி ஒரு நிபந்தனை இருக்கிறது, தவிர இதில் வரும் நாலைந்து பேர் இன்னும் இதே தொழிலில்தான் இருக்கிறார்கள். சின்ன ஸ்டுடியோ நடத்துகிறவர்கள், அதிலும் அடுத்தவரின் கதாபாத்திரத்தை உரிமம் வாங்கி வைத்து விளையாட்டு செய்கிறவர்கள் படித்தால் ஏதாவது உபயோகப்படும் என்று நினைக்கிறேன்.

பின்னணி

நாகர்கோவில் பார்வதிபுரத்தில் ஒரு வீட்டு மாடி, ஏழு பேர், மூன்று யூபிஎஸ். அதுவரை வெளியூர் கம்பெனிகளுக்கு படம் வரைந்து கொடுப்பது, விளம்பரத்துக்கான குட்டி விளையாட்டு செய்து கொடுப்பது என்றுதான் வண்டி ஓடிக்கொண்டிருந்தது. 2021 ஜூனில் சிறுவர் கார்ட்டூன் தொடர் ஒன்றின் உரிமம் கிடைத்தது. தொடரின் நாயகன் கடலோரத்துப் பையன். எங்கள் முதலாளி (எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி) போய் உட்கார்ந்து, அந்தப் பையனை ஒரு வள்ளத்தில் (மீன்பிடிப் படகு) ஏற்றி வட்டக்கோட்டையில் தொடங்கி மணக்குடி, முட்டம், குளச்சல் வழியாகத் தேங்காய்ப்பட்டணம் பொழிமுகம் (ஆறு கடலில் சேரும் இடம்) வரை ஓட்டிக்கொண்டு போகலாம், ஒவ்வொரு ஊரும் ஒரு லெவல் என்று சொன்னார். எதிரில் இருந்தவர்களுக்குப் பிடித்துவிட்டது.

பண ஏற்பாடு இப்படி. செலவில் பாதியை உரிமம் கொடுப்பவர்களே நாலு தவணையாகத் தருவார்கள், ஒவ்வொரு தவணைக்கும் ஒரு மைல்ஸ்டோன், அதாவது முடித்துக் காட்ட வேண்டிய ஒரு கட்டம், உண்டு, விற்பனையில் பெரிய பங்கு அவர்களுக்கு. ஒப்பந்தம் நாற்பது பக்கத்துக்கு மேல். அதில் ஒரு பிரிவு, விளையாட்டுக்காக உருவாகும் ஓவியம், உருவம், இசை எல்லாம் உரிமம் கொடுப்பவருக்கே சொந்தம், "டிஜிட்டல் வணிகப் பொருட்கள் உட்பட" எந்த வடிவிலும் அவர்கள் பயன்படுத்தலாம் என்றது. இந்த வரியை நாங்கள் படிக்காமல் இல்லை, படித்தோம். வால்பேப்பர், ஸ்டிக்கர், காலர் டியூன் என்று எடுத்துக்கொண்டு தாண்டிவிட்டோம்.

இன்னொரு தாளும் இருந்தது. பின்னணிக் காட்சிகளையும் வள்ளங்களையும் வரைந்தவர் தக்கலைப் பக்கத்து ஓவியர் ஒருவர், எங்கள் சம்பளக்காரர் இல்லை, வேலைக்கு இவ்வளவு என்று பேசி வாங்குகிறவர். குளச்சல், முட்டம் கரைகளில் காலையிலேயே போய் நின்று, வள்ளத்தின் அணியத்தில் (முன்முனையில்) எழுதியிருக்கும் பெயர்களையும் சிலுவைகளையும் பூக்களையும் படமெடுத்துக்கொண்டு வந்து வரைவார். விளையாட்டைப் பார்த்த எல்லோரும் முதலில் கேட்டது அந்த வள்ளங்களைப் பற்றித்தான். அவருக்கும் எங்களுக்கும் இடையே இருந்தது ஒரே ஒரு பக்க ஒப்பந்தம். "இந்த விளையாட்டுக்கும் அதன் விளம்பரத்துக்கும் பயன்படுத்த" என்று அதில் இருந்தது. அதை எழுதியது நான்தான்.

ஆக, ஓவியரிடம் நாங்கள் வாங்கியது ஒரு அறை, உரிமம் கொடுத்தவர்களுக்கு எழுதிக் கொடுத்தது முழு வீடு. இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க யாருக்கும் தோன்றவில்லை.

கண்ணில் பட்டும் விட்டவை

2021 அக்டோபரில், கணினி விளையாட்டுகளை இணையத்தில் விற்கும் ஸ்டீம் தளத்தை நடத்தும் வால்வ் நிறுவனம், கிரிப்டோ நாணயமோ என்.எஃப்.டி.யோ வெளியிடும், பரிமாற வழிசெய்யும் பிளாக்செயின் (பல கணினிகளில் பொதுவாக வைத்திருக்கும் பதிவேடு) விளையாட்டுகளுக்கு இனி இடமில்லை என்று விதியில் சேர்த்தது. எங்கள் விளையாட்டு ஸ்டீமிலும் ஆண்ட்ராய்டிலும் வர வேண்டியது. செய்தியைப் பார்த்தோம், நமக்கென்ன என்று விட்டோம்.

நவம்பரில் மாவட்டத்தையே புரட்டிப்போட்ட மழை. திருவனந்தபுரம் தண்டவாளத்தில் மண் சரிந்து ரயில் நின்றது, எங்களில் இரண்டு பேர் வீட்டுக்குள் தண்ணீர், மாடியில் நாலு நாள் கரண்ட் இல்லை. மூன்றாவது மைல்ஸ்டோன் தள்ளிப்போனது. தவணையும் கூடவே தள்ளிப்போனது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், பிறகு எடுத்த முடிவு ஒவ்வொன்றிலும் அந்த வராத தவணை ஒரு ஓரமாக உட்கார்ந்திருந்தது.

டிசம்பரில் யூபிசாஃப்ட் தன் விளையாட்டு ஒன்றில் என்.எஃப்.டி. கொண்டுவருவதாக அறிவித்து வாங்கிக் கட்டிக்கொண்டது. அடுத்த வாரம் 15ஆம் தேதி ஸ்டாக்கர் 2 விளையாட்டின் தயாரிப்பாளர்கள் அதேபோல் அறிவித்து, 16ஆம் தேதி முழுதாகத் திரும்பப் பெற்றார்கள். ஒரே நாள்தான். எங்கள் புரோகிராமர் அதை எல்லோருக்கும் காட்டிச் சிரித்தார். அந்த வாரக் கடைசியிலேயே உரிமம் கொடுத்தவர்களிடமிருந்து ஒரு அழைப்பு, "டிஜிட்டல் சேகரிப்புப் பொருட்கள்" பற்றிப் பேச வேண்டும் என்று.

முதல் முடிவு: ஜனவரி 2022

அவர்கள் திட்டம் சுருக்கமாக இது. ஒரு என்.எஃப்.டி. சந்தை நிறுவனத்தோடு கைகோத்து, தொடரின் பாத்திரங்களையும் எங்கள் விளையாட்டின் காட்சிகளையும் எண்ணிட்ட டோக்கன்களாக விற்பது. தெரியாதவர்களுக்கு ஒரு வரியில் சொன்னால், படம் எல்லோருக்கும் தெரியும்படியே இருக்கும், டவுன்லோடும் செய்துகொள்ளலாம், ஆனால் "இந்த டோக்கன் இன்னாருடையது" என்று பிளாக்செயின் பதிவேட்டில் இருக்கும். டோக்கன் வாங்கியதால் மட்டும் படத்தின் காப்புரிமை வந்துவிடாது. பல டோக்கன்களில் படம்கூட இருக்காது, படம் இருக்கும் இடத்தின் முகவரிதான் இருக்கும். "பத்திரம் இருக்கு, நிலம் எங்கலே?" என்றார் அண்ணாச்சி. அதற்கு மேல் நான் விளக்க ஒன்றுமில்லை.

மாடியில் கருத்து ஒன்றாக இல்லை. எங்களில் இளையவர் ஒருவர் கொஞ்சம் கிரிப்டோ வாங்கி வைத்திருந்தவர், அவர் சொன்னதையும் நியாயமாகப் பதிய வேண்டும். ஒரு படம் கைமாறும்போதெல்லாம் வரைந்தவருக்கு ஒரு பங்கு போகும்படி செய்யலாம், இப்போது நம் ஓவியருக்கு ஒரே தடவைதானே காசு, இது அவருக்கு நல்லதுதானே என்றார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. அந்தப் பங்கைக் கொடுப்பதும் விடுவதும் பெரும்பாலும் விற்கும் சந்தையின் கையில்தான் இருக்கிறது என்பதும், எங்களுக்குக் காட்டிய வரைவில் ஓவியருக்கு என்று ஒரு கட்டமே இல்லை என்பதும் பிறகுதான் தெரிந்தது.

முன்னால் இருந்த வழிகள் மூன்று. முடியாது என்று சொல்லி மூன்றாவது தவணையைப் பகைத்துக்கொள்வது, முழுதாக ஒத்துக்கொள்வது, இல்லையென்றால் விளையாட்டுக்குள் எதுவும் வராது, வெளியே உங்கள் பெயரில் என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள் என்று கோடு கிழிப்பது. மூன்றாவதை எடுத்தோம். காரணம் ஒன்றும் பெரிய கொள்கை இல்லை. இரண்டு மாதச் சம்பளம் பாக்கி, ஸ்டீம் விதி கெடக் கூடாது, அவ்வளவுதான். அந்தக் கோட்டையும் ஒரு வீடியோ அழைப்பில் வாய்வார்த்தையாகத்தான் கிழித்தோம். ஒரு மின்னஞ்சல் அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை. அதே வாரம், கேட்டார்கள் என்று, கீ ஆர்ட் (விளம்பரத்துக்கான முக்கிய ஓவியங்கள்) கோப்புகள் எல்லாவற்றையும் அனுப்பிவைத்தோம். அனுப்பியதும் நான்தான். ஓவியரிடம் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்றில்லை, சொல்ல வேண்டிய விஷயம் என்றே படவில்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது.

பிப்ரவரி: வரி வந்து வேகத்தைக் கூட்டியது

பிப்ரவரி 1ஆம் தேதி மத்திய பட்ஜெட்டில், கிரிப்டோ, என்.எஃப்.டி. போன்ற மெய்நிகர் டிஜிட்டல் சொத்துகளை விற்று வரும் வருமானத்துக்கு 30 சதவீத வரி, ஏப்ரல் 1 முதல் என்று அறிவித்தார்கள். வாங்கிய விலையைத் தவிர வேறு செலவைக் கழிக்க முடியாது, ஒன்றில் வந்த நட்டத்தை இன்னொன்றில் ஈடுகட்ட முடியாது. ஜூலை முதல் 1 சதவீத டிடிஎஸ் (பணம் கொடுக்கும்போதே பிடிக்கும் வரி) வேறு. அதே நாளில்தான் வெளிநாட்டில் வார்ம்ஸ் விளையாட்டின் நிறுவனமான டீம்17, முந்தின நாள் அறிவித்த என்.எஃப்.டி. திட்டத்தைக் கைவிட்டது. இரண்டையும் சேர்த்துப் பார்த்து, இனி நம் ஆட்களும் விட்டுவிடுவார்கள் என்று நிம்மதியாகத் தூங்கினோம்.

நடந்தது நேர்மாறு. ஏப்ரல் வந்தால் வாங்க ஆள் வராது, அதற்கு முன்னால் விற்றுவிட வேண்டும் என்று சந்தை நிறுவனம் அவசரப்படுத்தியது. விளையாட்டு மே மாதப் பள்ளி விடுமுறைக்கு வர வேண்டியது, சேகரிப்பு விற்பனை அதற்கு அப்புறம் என்றுதான் பேச்சு. வரிசை தலைகீழானது. விளையாட்டு வருவதற்கு இரண்டு மாதம் முன்னாலேயே, மார்ச்சில் விற்பனை. இது எங்களுக்குத் தெரிந்தது அறிவிப்பு வந்த பிறகு.

மார்ச்: வெள்ளி இரவு முதல் செவ்வாய் வரை

மார்ச் இரண்டாவது வாரம், வெள்ளிக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு மேல் அறிவிப்பு வந்தது. அதில் இரண்டு விஷயம் எங்களைச் சாய்த்தது. டோக்கன் வாங்குகிறவர்களுக்கு விளையாட்டுக்குள் "தனி வள்ளம்" ஒன்று கிடைக்கும் என்று எழுதியிருந்தார்கள். அப்படி ஒன்று எங்கள் பில்டில் (அதுவரை செய்து வைத்திருந்த விளையாட்டில்) கிடையாது, செய்தால் ஸ்டீமில் சிக்கல் வரும், எங்களிடம் கேட்கவும் இல்லை. அடுத்தது, முதல் படமாகப் போட்டிருந்தது தேங்காய்ப்பட்டணம் பொழிமுகக் காட்சி. ஓவியர் பன்னிரண்டு நாள் உட்கார்ந்து வரைந்தது.

டிஸ்கார்டு என்ற அரட்டைச் செயலியில் எங்கள் ஆட்டக்காரர்களுக்கான குழுவில் இருந்தவர்கள் அதிகமில்லை, ஆனால் ஆரம்பத்திலிருந்து கூட இருந்தவர்கள். சனிக்கிழமை காலைக்குள் அங்கே நிற்க முடியவில்லை. கோபம் இரண்டு விதமாக வந்ததைக் குறித்துவைத்திருக்கிறேன். வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் மின்சார விரயத்தையும் (என்.எஃப்.டி.கள் அதிகம் பதிவாகும் பிளாக்செயினான எத்தேரியம் அப்போது இன்னும் பழைய, கரண்ட் தின்னும் முறையில்தான் ஓடியது, 2022 செப்டம்பரில்தான் மாறியது) பேராசையையும் பேசினார்கள். நம் ஊர்ப் பெற்றோர் ஒரே வார்த்தை சொன்னார்கள்: சூதாட்டம். ஆன்லைன் ரம்மித் தடைச் சட்டத்தை உயர் நீதிமன்றம் 2021 ஆகஸ்டில் ரத்து செய்து, அது பற்றிய பேச்சு ஓயாத நேரம் அது. பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழு ஒன்றில், "பிள்ளைங்க கார்ட்டூனைக் காட்டி காசு கட்டி ஆடச் சொல்றாங்க" என்று ஒரு குரல்பதிவு சுற்றியது. துல்லியமாகப் பார்த்தால் தவறு. ஆனால் எண்ணிட்ட டோக்கனை விலை ஏறும் என்று சொல்லி விற்கிறவர்கள் பக்கத்தில் நின்றுகொண்டு அதைத் திருத்துவது அவ்வளவு சுலபமாக இல்லை.

திட்டு முழுக்க எங்களுக்கு. உரிமம் வைத்திருப்பவர் யார், சந்தை நிறுவனம் யார் என்று ஆட்டக்காரனுக்கு என்ன கவலை? பதில் சொல்ல ஆள் இருக்கும் கதவைத்தான் தட்டுவான்.

நாங்கள் பேசவில்லை. எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் பொதுவில் எதுவும் சொல்லக் கூடாது என்று ஒப்பந்தத்தில் இருந்தது. சனிக்கிழமை அனுமதி கேட்டோம், "திங்கள் வரை பொறுங்கள்" என்றார்கள். திங்கள் வந்தது, "விளம்பரப் பிரிவு பார்த்துக்கொண்டிருக்கிறது" என்றார்கள். இடையில் ஞாயிறு மதியம் ஓவியர் கூப்பிட்டார். சத்தம் போடுவார் என்று நினைத்துத்தான் எடுத்தேன்.

"அண்ணே, நான் வரைஞ்சது வித்துட்டு இருக்காங்களாமே. என் தம்பி காட்டுனான். எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா?"

ஒப்பந்தத்தில் இருக்கிறதே என்று சொல்ல வாயெடுத்து, எந்த ஒப்பந்தத்தில் என்று எனக்கே கேட்டுக்கொண்டு நிறுத்தினேன். அன்று மாலைதான் அந்த இரண்டு தாள்களையும் முதல்முறையாகச் சேர்த்து வைத்துப் படித்தேன்.

திங்கள் காலை நாகர்கோவிலில் ஒரு வக்கீலைப் பார்த்தோம். அவர் சொன்னதை என் வார்த்தையில் தருகிறேன். பணம் கொடுத்து வரையச் சொன்ன ஓவியம் என்றால், வேறு உடன்பாடு இல்லாதபோது, வரையச் சொன்னவருக்கே முதல் உரிமை என்று 1957 காப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவில் இருக்கிறது. ஆனால் நாங்கள்தான் "விளையாட்டுக்கும் விளம்பரத்துக்கும்" என்று எழுதிக் கையெழுத்து வாங்கியிருக்கிறோமே, அதுவே வேறு உடன்பாடு என்று ஓவியர் வாதாடலாம். அதோடு 2012 திருத்தத்துக்குப் பிறகு, எழுதிக் கொடுக்கும் காலத்தில் வணிகப் புழக்கத்தில் இல்லாத ஊடகத்துக்கு, அதைக் குறிப்பிட்டுச் சொல்லாமல் உரிமை போகாது. 2021 ஜூனில் என்.எஃப்.டி. வணிகப் புழக்கத்தில் இருந்ததா இல்லையா என்பதை வைத்து வருஷக்கணக்கில் கேஸ் நடத்தலாம். "நடத்த உங்களுக்குத் தெம்பு இருக்கா?" என்று கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

இரண்டாவது முடிவு

செவ்வாய்க்கிழமை மத்தியானம், அனுமதி இல்லாமலேயே அறிக்கை போட்டோம். நாலே விஷயம் சொன்னோம். விளையாட்டுக்குள் எந்த டோக்கனும் இல்லை, இருக்காது. "தனி வள்ளம்" என்று ஒன்று கிடையாது. பொழிமுகக் காட்சி ஓவியரின் சம்மதம் இல்லாமல் விற்பனைக்குப் போயிருக்கிறது, கோப்பை அனுப்பியது நாங்கள்தான். அதற்காக அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டோம். உரிமம் கொடுத்தவர்களை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை, இருந்தும் ஒப்பந்த மீறல் மீறல்தான் என்று தெரிந்தே செய்தோம்.

ஏன் செய்தோம்? அண்ணாச்சி சொன்ன கணக்கு இது: "தவணை போனா இன்னொருத்தன் தருவான் மக்கா. அந்தப் பிள்ளை நாளைக்கு நமக்கு வரையலேன்னா, நமக்கு வேற யாரு இருக்கா?" இதில் பாசம் பாதி, வியாபாரம் பாதி.

அடுத்த நாள், மார்ச் 16, எஃப்1 டெல்டா டைம் மூடப்பட்டது. ஃபார்முலா 1 உரிமம் பெற்று நடந்த என்.எஃப்.டி. கார் விளையாட்டு அது, 2019இல் அதன் ஒரே ஒரு கார் டோக்கன் 1 லட்சம் டாலருக்கு மேல் போயிருந்தது. உரிமம் புதுப்பிக்கப்படவில்லை, விளையாட்டு நின்றது, காருக்குப் பதிலாக வேறு விளையாட்டின் பொருட்களைக் கொடுத்தார்கள். புரோகிராமர் இந்தச் செய்தியைப் போட்டதும் மாடியில் யாரும் சிரிக்கவில்லை. எங்கள் உரிமம் மூன்று வருஷம். "தனி வள்ளம்" செய்து கொடுத்திருந்தாலும், மூன்று வருஷம் கழித்து அது எந்தக் கரையில் நிற்கும்?

பின்விளைவு

மூன்று நாளில் வக்கீல் நோட்டீஸ் வந்தது. விற்பனை அதற்குள் நிறுத்தப்பட்டிருந்தது. எங்கள் அறிக்கையால் மட்டும் என்று நான் சொல்ல மாட்டேன், அவர்களுக்கும் பெற்றோர் பக்கத்துச் சூடு போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். விற்றவரைக்கும் பணத்தைத் திருப்பியதாகச் சொன்னார்கள். பொழிமுகக் காட்சியைச் சந்தைப் பக்கத்திலிருந்து எடுத்தார்கள். ஆனால் டோக்கன் ஒருமுறை பதிவாகிவிட்டால் பதிவேட்டிலிருந்து அழிக்க முடியாது, அந்தப் பதிவு இன்னும் எங்கோ கிடக்கிறது.

நோட்டீஸ், பதில், பேச்சு என்று நாலு மாதம் ஓடியது. ஜூலையில் இருபுறமும் சம்மதித்து உரிமத்தை முடித்துக்கொண்டோம். வாங்கிய தவணை எங்களுக்கு, வராத தவணை போச்சு, பாத்திரங்கள் அவர்களுக்கு. ஏழு பேர் நாலு பேரானோம். போன மூவரில் அந்தக் கிரிப்டோ இளைஞரும் ஒருவர், திருவனந்தபுரத்தில் வேறு வேலைக்குப் போனார். சண்டை இல்லை, சம்பளம் இல்லை, அவ்வளவுதான்.

நாயகன் இல்லாத விளையாட்டு கையில் மிச்சம் இருந்தது. கடல், கரை, ஓவியரின் வள்ளங்கள். பாத்திரத்தை எடுத்துவிட்டு, நாங்களே ஒரு பாட்டியை வள்ளத்தில் ஏற்றி, பாதி லெவல்களோடு 2023இல் ஆண்ட்ராய்டில் மட்டும் விட்டோம். பெரிதாக ஓடவில்லை, கரண்ட் பில்லுக்குக் காணும். பழைய டிஸ்கார்டு ஆட்களில் பலர் திரும்பி வந்தார்கள். பள்ளிக்கூடப் பெற்றோரில் ஒருவர்கூட வரவில்லை. அந்தக் குரல்பதிவு அவர்கள் காதில் இருக்கும்வரை வரவும் மாட்டார்கள்.

இதற்கிடையே ஒன்று. முட்டத்தில் ஒருவர் எங்கள் விளையாட்டில் தன் வள்ளத்தின் பெயரையும் பூ வேலையையும் பார்த்துவிட்டு ஓவியரைத் தேடி வந்தார். கோபமாக இல்லை, சந்தோஷமாகத்தான். ஆனால் அணியத்தில் அந்தப் பூவை வரைந்த பெயின்டரிடம் யாரும் கேட்கவில்லை என்று ஓவியருக்கு அப்போதுதான் உறைத்திருக்கிறது. போய்ப் பார்த்துப் பேசிவிட்டு வந்தார். அதன் கணக்கு இன்னும் எங்களிடம் சரியாக இல்லை.

இப்போது என்ன மாற்றியிருக்கிறோம்

உரிம ஒப்பந்தம் எது வந்தாலும் அதையும், ஓவியர், இசைக்காரர், குரல் கொடுத்தவர் ஆகியோரின் தாள்களையும் ஒரே மேசையில் போட்டு வரிக்கு வரி பார்க்கிறோம். கீழே வாங்காத உரிமையை மேலே எழுதிக் கொடுப்பதில்லை. "டிஜிட்டல் வணிகப் பொருட்கள்" மாதிரியான சொல் வந்தால் என்னென்ன என்று பட்டியல் கேட்கிறோம், பட்டியலில் இல்லாததற்குத் தனி அனுமதி. முகம் சுளிக்கிறார்கள். ஒரு வேலை இதனாலேயே கைநழுவியது.

விளையாட்டைப் பற்றி யாராவது தவறான வாக்குறுதி கொடுத்தால் 24 மணி நேரத்துக்குள் திருத்திச் சொல்லும் உரிமை எங்களுக்கு உண்டு என்று ஒரு வரி சேர்க்கிறோம். அந்த மூன்று நாள் மௌனத்துக்கு ஒப்பந்தத்தைக் காரணம் சொன்னேன், அது உண்மைதான், ஆனால் அந்த வரிக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள வசதியாகவும் இருந்தது. வாய்ப்பேச்சு எதுவானாலும் அன்று சாயங்காலத்துக்குள் மின்னஞ்சல். பெரிய கோப்பு வெளியே போனால், வரைந்தவருக்கு நகல் போகாமல் போகாது.

ஓவியரும் இப்போது எங்கள் தாளில் கையெழுத்துப் போடுவதில்லை. அவரே ஒரு பக்கத்தில் தன் நிபந்தனைகளை அடித்து வைத்திருக்கிறார், வருகிற எல்லோருக்கும் அதே தாள்தான். போன மாதம் புது வேலைக்கு அதை நீட்டினார். அண்ணாச்சி நின்றுகொண்டே முழுதாகப் படித்தார், ஓர் இடத்தில் சந்தேகம் கேட்டார், அப்புறம் கையெழுத்துப் போட்டார்.